பழைய ஈவி3 செட் வாங்கலாமா?

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தன் பையனின் லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ஈவி3 செட்டை விற்கிறார். பெட்டி இல்லை, சில பீஸ்களும் குறைகின்றன. கம்பெனியே இதை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆறாவது படிக்கும் மகளுக்காகப் பார்க்கிறேன். எனக்கும் லெகோ சேர்க்கும் ஆசை உண்டு. வாங்கலாமா? பின்னால் விலை ஏறுமா?

பதில்:

மகளுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். பெட்டி இல்லாததும் கொஞ்சம் பீஸ் குறைவதும் பெரிய விஷயமே இல்லை. விலை ஏறும் என்ற கணக்கில் என்றால் வேண்டாம். ஏன் இரண்டு பதில் என்று கேட்பீர்கள். அதற்கு இந்த ரோபோ செட்டுகள் வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லெகோ கட்டையும் லெகோ ரோபோவும் ஒரே பெட்டியில் வந்தாலும் இரண்டுக்கும் ஆயுள் வேறு. மேலே குமிழும் உள்ளே குழாயும் உள்ள இன்றைய கட்டைக்கு டென்மார்க்கில் 1958 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அன்றைய அளவு இன்றும் மாறவில்லை. 1963லிருந்து ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த கட்டைகளை உங்கள் தாத்தா வாங்கி வைத்திருந்தாலும், உங்கள் மகள் இன்று வாங்கும் கட்டையோடு சேர்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். ரோபோவின் மூளையான ஹப் அப்படி இல்லை. அதற்குள் புரோகிராமை ஏற்ற ஒரு மென்பொருள் வேண்டும், அந்த மென்பொருள் ஓட ஒரு கணினியோ போனோ வேண்டும், அந்தக் கணினி சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய ரோபோ செட் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, கம்பெனி கைவிட்ட பிறகு இதை வேறு யாராவது ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்களா என்பதைத்தான். பீஸ் எண்ணிக்கை, பெட்டி, கையேடு எல்லாம் அதற்கு அப்புறம்.

மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற பெயரே சீமோர் பேப்பர்ட் 1980ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலிருந்து எடுத்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தவர். ஆமையை நகர்த்திக் கோடு போடும் லோகோ மொழியை நம்மில் பலர் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் வகுப்பில் பார்த்திருப்போம். அதை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். குழந்தை ஒரு பொருளைக் கையால் செய்துபார்க்கும்போதுதான் நன்றாகக் கற்கிறது என்பது அவருடைய வாதம். அவருடைய கூட்டாளிகள் எம்ஐடியில் செய்த 'புரோகிராம் செய்யத்தக்க கட்டை'யின் வழியில்தான் 1998ல் லெகோ தன் முதல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மூளைக்கு ஆர்சிஎக்ஸ் என்று பெயர். மஞ்சள் நிறம், உள்ளே ஹிட்டாச்சி நிறுவனத்தின் எச்8 சிப், 32 கிலோபைட் நினைவகம், மூன்று மோட்டார், மூன்று சென்சார் செருகலாம். கணினியோடு வயர் கிடையாது. டிவி ரிமோட் போல அகச்சிவப்பு ஒளியில் பேசும் ஒரு சின்ன கோபுரத்தைக் கணினியில் செருகி, ஆர்சிஎக்ஸை அதற்கு எதிரே வைத்துக் காத்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டால் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள் அழிந்துபோகும், மறுபடியும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. செட் கடைக்கு வந்த சில மாதங்களுக்குள் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த கெகோவா புரவுட்ஃபுட் என்ற மாணவர் ஆர்சிஎக்ஸின் உள்வேலை முழுவதையும் பிரித்துப் பார்த்து இணையத்தில் எழுதிவைத்துவிட்டார். அதை வைத்து டேவ் பாம் என்பவர் சி மொழியைப் போன்ற ஒரு எளிய மொழியை உருவாக்கினார், என்க்யூசி என்று பெயர். மார்க்குஸ் நோகா என்பவர் லெகோவின் ஃபர்ம்வேரையே தூக்கிவிட்டு லெக்ஓஎஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை எழுதினார். கம்பெனிக்கு முதலில் இது பிடிக்கவில்லை, வழக்கு வரைக்கும் யோசித்தார்கள். அப்புறம், இவர்களெல்லாம் நம் பொருளை விரும்பித்தானே இப்படிச் செய்கிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். பிரித்து மாற்றிக்கொள்ளும் உரிமையை மென்பொருள் உரிமத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பொம்மைக் கம்பெனி எடுத்த முடிவுகளில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அடுத்த தலைமுறையான என்எக்ஸ்டியை வடிவமைக்கும்போது இப்படிப்பட்ட பொழுதுபோக்குக்காரர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு ரகசியமாக ஆலோசனை கேட்டார்கள். ஸ்டீவ் ஹாசன்பிளக், ஜான் பார்ன்ஸ், டேவிட் ஷில்லிங், ரால்ஃப் ஹெம்பல் என்பவர்கள் அவர்கள். சம்பளம் கிடையாது, லெகோ செட்டுகள்தான் கூலி.

என்எக்ஸ்டி 2006ல் வந்தது. அதில் எனக்குப் பெரிதாகப் பட்டது மோட்டார்தான். ஆர்சிஎக்ஸ் காலத்தில் மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று தெரிய வேண்டுமென்றால் தனியாக ஒரு சுழற்சி சென்சார் வாங்க வேண்டும், அதுவும் ஒரு சுற்றை 16 பங்காகத்தான் எண்ணும். என்எக்ஸ்டி மோட்டாருக்குள்ளேயே அந்த சென்சாரை வைத்துவிட்டார்கள், ஒரு டிகிரி வரை எண்ணும். ரோபோ நேராகப் போவதும் சரியாகத் திரும்பிச் சொன்ன இடத்தில் நிற்பதும் அதற்குப் பிறகுதான் சாதாரணமானது. 2009ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது.

2013ல் வந்தது உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஈவி3. உள்ளே 300 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் பிராசசர், 64 மெகாபைட் ரேம், ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். பக்கத்தில் மைக்ரோ எஸ்டி கார்டு போட ஓர் இடம், யூஎஸ்பி செருக ஓர் இடம். நான்கு மோட்டார், நான்கு சென்சார். இதை எட்டு எண்ணம் அடுக்கி, கண்ணுக்கு ஒரு போனை வைத்து, டேவிட் கில்டேயும் மைக் டாப்சனும் செய்த கியூப்ஸ்டார்மர் 3 என்ற ரோபோ 2014ல் ரூபிக்ஸ் கனசதுரத்தை 3.253 விநாடியில் சேர்த்தது. அதே வருடம் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாணவர் இதே செட்டை வைத்து பிரெய்ல் எழுத்து அச்சடிக்கும் கருவி ஒன்றைச் செய்துகாட்டினார். அவ்வளவு தூரம் போகும் பொருள் இது.

2020ல் வந்த ரோபாட் இன்வென்டர்தான் கடைசி மைண்ட்ஸ்டார்ம்ஸ். 51515 என்ற எண், 949 பீஸ். 2022 முடிவோடு மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே நிறுத்துவதாக லெகோ அறிவித்தது. நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

நிறுத்தியதால் ஈவி3 செத்துவிட்டதா என்றால், இல்லை. அந்த மைக்ரோ எஸ்டி கார்டு இடம்தான் அதைக் காப்பாற்றுகிறது. ஈவி3டெவ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஈவி3க்கு ஏற்றபடி செய்துவைத்திருக்கிறார்கள். அதை ஒரு கார்டில் எழுதி, கார்டைச் செருகி, ஆன் செய்தால் ஈவி3 ஒரு குட்டி லினக்ஸ் கணினியாக எழும். பைத்தான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதலாம். கார்டை வெளியே எடுத்துவிட்டு ஆன் செய்தால் பழையபடி லெகோவின் சொந்த மென்பொருளே வரும், எதுவும் கெடாது. கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், அதைவிடப் பெரிதை அது ஏற்காது. லெகோவே பின்னாளில் வெளியிட்ட ஈவி3 மைக்ரோபைத்தானும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு எடுத்தவுடன் பைத்தான் வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் மேக்கோட் தளத்தில் ஈவி3க்கென்று ஒரு பகுதி இருக்கிறது. பிரவுசரிலேயே வண்ணக் கட்டங்களை இழுத்துப்போட்டுப் புரோகிராம் எழுதி, யூஎஸ்பி வயர் வழியாக ஏற்றலாம். கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. அவளுக்குப் பழகிவிட்டால் அதே தளத்தில் கட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் எழுத்து வடிவத்தையும் பார்க்கலாம். இதற்கு ஈவி3யின் ஃபர்ம்வேர் புதிதாக இருக்க வேண்டும், பழையதாக இருந்தால் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

சரி, காசு கொடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? ஆறு டபிள் ஏ பேட்டரியும் ஒரு வயரும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். முதலில் பேட்டரி மூடியைத் திறந்து உலோகத் தகடுகளைப் பாருங்கள். பேட்டரி போட்டபடியே வருடக்கணக்கில் பரணில் கிடந்திருந்தால் கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். லேசாக என்றால் வினிகரில் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். தகடே அரித்துப்போயிருந்தால் விட்டுவிடுங்கள். ஆன் செய்ததும் எழ அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், பதறாதீர்கள். பொத்தான்களைச் சுற்றிப் பச்சை விளக்கு வந்ததும் மெனுவில் மூன்றாவது பக்கத்துக்குப் போனால் 'போர்ட் வியூ' என்று ஒன்று இருக்கும். ஒரு மோட்டாரைச் செருகிக் கையால் சுற்றுங்கள், திரையில் டிகிரி ஏற இறங்க வேண்டும். அதே மோட்டாரை நான்கு மோட்டார் துளைகளிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்புறம் மற்ற மோட்டார்கள். அதேபோல ஒவ்வொரு சென்சாரையும் நான்கு சென்சார் துளைகளிலும். விற்பவர் பொறுமை இழந்தால் இழக்கட்டும். செட்டின் விலையில் பெரும்பங்கு ஹப், மூன்று மோட்டார், சென்சார்கள், வயர்கள் ஆகியவற்றுக்குத்தான். இவை எல்லாம் வேலை செய்தால் பீஸ் குறைந்தாலும் பரவாயில்லை. இவற்றில் ஒன்று இல்லையென்றால் அந்த அளவுக்கு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஈவி3யில் இரண்டு வகை உண்டு என்பதையும் கவனியுங்கள். கடையில் விற்ற 31313 செட்டில் 601 பீஸ், தொடு சென்சார், வண்ண சென்சார், அகச்சிவப்பு சென்சார், ஒரு ரிமோட். பள்ளிக்கூடங்களுக்கு விற்ற 45544 செட்டில் 541 பீஸ், ஆனால் ரீசார்ஜ் பேட்டரி, ஒலியால் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், திரும்பிய கோணத்தை அளக்கும் ஜைரோ சென்சார் எல்லாம் உண்டு, தொடு சென்சாரும் இரண்டு. கற்றுக்கொள்ள என்றால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஒரே சிக்கல், ஜைரோவைச் செருகும் நேரத்தில் ரோபோ அசையாமல் இருக்க வேண்டும். அசைந்துவிட்டால் ரோபோ சும்மா நின்றாலும் கோணம் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். கழற்றிச் செருகினால் சரியாகிவிடும். இது தெரியாமல் சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. விற்பவர் அப்படிச் சொன்னால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைந்துபோன பீஸ்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றேன். காரணம், ரோபோ கட்டுவதற்குப் பீஸ்களின் எண்ணிக்கையைவிட அளவுகள் புரிவதுதான் முக்கியம். ரோபோ செட்டில் வரும் துளை வைத்த பீஸ்களுக்கு டெக்னிக் என்று பெயர். அந்தத் துளைகளுக்கு நடுவே எப்போதும் 8 மில்லிமீட்டர். பல்சக்கரங்களையும் அந்தக் கணக்குக்குள்தான் செய்திருக்கிறார்கள். 8 பல் சக்கரத்தின் ஆரம் 4 மில்லிமீட்டர், 16 பல் என்றால் 8, 24 பல் என்றால் 12, 40 பல் என்றால் 20. அதாவது பற்களின் எண்ணிக்கையில் பாதி. இரண்டு சக்கரங்களின் ஆரத்தைக் கூட்டினால் அச்சுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று வந்துவிடும். 8ம் 24ம் சேர்ந்தால் 16 மில்லிமீட்டர், சரியாக இரண்டு துளை. 8ம் 40ம் என்றால் 24, மூன்று துளை. 24ம் 40ம் என்றால் 32, நான்கு துளை. 8ஐயும் 16ஐயும் சேர்க்கப் பார்த்தால் 12 வரும், ஒன்றரை துளை. நேர்வரிசையில் பொருந்தாது, சுற்றிவளைக்க வேண்டும். ஈவி3யில் நிறைய வரும் 12 பல், 20 பல் சக்கரங்களும் சேர்ந்தால் 6 கூட்டல் 10, மறுபடியும் 16. உங்கள் மகளிடம் இதை நீங்களே சொல்லிவிடாதீர்கள். சக்கரங்களையும் ஒரு பீமையும் (வரிசையாகத் துளை உள்ள நீளமான பீஸ்) கொடுத்து எது எதோடு சேர்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

குமிழ் வைத்த பழைய பாணிக் கட்டையில் இன்னொரு சிக்கல். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், 8 இல்லை. அதனால் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு துளைக்கட்டைகளை அடுக்கினால் துளைகளின் இடைவெளி 9.6 ஆகி, குறுக்கே ஒரு பீமை மாட்ட முடியாது. நடுவே 3.2 மில்லிமீட்டர் தட்டையான பிளேட் இரண்டை வைத்தால் 9.6 கூட்டல் 6.4, சரியாக 16. பீம் டக்கென்று உட்காரும். ஆர்சிஎக்ஸ் காலத்து ரோபோக்கள் உதறாமல் உறுதியாக நின்றதற்கு இந்த வித்தைதான் காரணம். என்எக்ஸ்டியிலிருந்து குமிழ் இல்லாத பீம்களுக்கு மாறிவிட்டதால் இந்தத் தொல்லை போய்விட்டது, கூடவே இந்த வித்தையும்.

தேவைப்படும் பீஸை எங்கே வாங்குவது? உலகம் முழுவதும் உள்ள சில்லறை விற்பனையாளர்கள் கூடும் சந்தை பிரிக்லிங்க். 2000ல் ஒரு தனிமனிதர் தொடங்கியது, 2019ல் லெகோவே வாங்கிவிட்டது. ஒரு சக்கரம், பீம்களை இணைக்கும் பின் நான்கு என்று எண்ணி வாங்கலாம். ஒவ்வொரு பீஸும் கடந்த ஆறு மாதத்தில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று அதிலேயே தெரியும். விற்பவரிடம் விலை பேசுவதற்கு முன் ஹப்புக்கும் மோட்டாருக்கும் அங்கே என்ன விலை என்று பார்த்துக்கொண்டு போவது நல்லது. ஆனால் இந்தியாவுக்குத் தருவிப்பதில் ஒரு வலி இருக்கிறது. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023ல் அது 70 ஆனது. நூறு ரூபாய்ப் பீஸுக்கு அனுப்பும் செலவு ஆயிரம், அதற்கு மேல் வரி என்று போனால் கட்டாது. பட்டியல் எழுதிச் சேர்த்துவைத்து, சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தக்காரர் யாராவது வரும்போது அவர்கள் பையில் வரவழைப்பதே நம் ஊரில் நடைமுறை. சின்ன பின்களுக்கும் பீம்களுக்கும் வேறு கம்பெனிகளின் பீஸ்கள் உள்ளூரிலேயே கிடைக்கும். லெகோ சேர்ப்பவர்களில் சிலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பிள்ளை விளையாட இருக்கும் பெட்டியில் கலந்தால் ஒன்றும் ஆகாது என்பது என் எண்ணம். சேகரிக்கும் பெட்டியில் கலக்காதீர்கள், பின்னால் பிரிக்கவே முடியாது.

இப்போது உங்கள் ஆசைக்கு வருகிறேன். லெகோவில் விலை ஏறும் செட்டுகள் உண்டு என்பது உண்மைதான். அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். இதற்கு தாஜ்மஹால் செட் நல்ல உதாரணம். 2008ல் 10189 என்ற எண்ணில் 5922 பீஸோடு வந்தது. விற்பனை நின்ற பிறகு கைமாறும் விலை பல மடங்கு ஏறிப்போனது. 2017ல் லெகோ கிட்டத்தட்ட அதே மாடலை 10256 என்ற புது எண்ணில் மறுபடியும் வெளியிட்டது. பழைய பெட்டியை அலமாரியில் பூட்டிவைத்திருந்தவர்களின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ரோபோ செட்டில் மறுவெளியீடு என்ற பயம் அவ்வளவாக இல்லை. பழைய எலக்ட்ரானிக்ஸை யாரும் திரும்பச் செய்யப்போவதில்லை. அங்கே வேறு ஆபத்து. ரோபாட் இன்வென்டரின் ஹப்பில் இருப்பது ரீசார்ஜ் லித்தியம் பேட்டரி. சீல் பிரிக்காத பெட்டியில் அது சார்ஜ் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் செயலிழக்கும் வாய்ப்பு அதிகம். சாதாரண லெகோவில் சீல் பிரிக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு. ரோபோவில் அவ்வப்போது எடுத்துச் சார்ஜ் போட்டு ஓட்டிய செட்தான் நல்ல செட். அதனால்தான் முதலீடு என்ற பேச்சே இங்கே எனக்குப் பொருந்திவராததாகத் தெரிகிறது. அந்த செட்டுக்கு லெகோவின் செயலி ஆதரவு 2024 முடிவு வரைக்கும்தான் என்று சொல்லியிருந்தார்கள். பைபிரிக்ஸ் என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் இருப்பதால் அந்த ஹப்பும் தப்பித்தது. பிரவுசரிலிருந்து புளூடூத் வழியாகப் பைத்தான் ஏற்றலாம். லாரன்ஸ் வால்க், டேவிட் லெக்னர் என்ற இருவரின் உழைப்பு அதில் பெரியது.

ரசனைக்காகச் சேர்ப்பது என்றால் என் தேர்வு ஆர்சிஎக்ஸ் காலம். முதல் செட்டின் எண் 9719. அதே காலத்தில் வந்த டிராய்ட் டெவலப்பர் கிட் 9748, ஸ்டார் வார்ஸின் ஆர்2-டி2வைக் கட்டும் செட், ஆர்சிஎக்ஸின் தம்பியான மைக்ரோ ஸ்கவுட் என்ற ஹப்போடு வரும். இவை இன்னும் எட்டாத விலைக்குப் போகவில்லை. வாங்கும்போது வயர்களை வளைத்துப் பாருங்கள், அந்தக் கால வயர்களில் மேலுறை வெடித்து உதிரும். அகச்சிவப்புக் கோபுரம் கூடவே வருகிறதா என்று கேளுங்கள், அது இல்லாத ஆர்சிஎக்ஸ் அழகுப்பொருள்தான். யூஎஸ்பி கோபுரம் 64 பிட் விண்டோஸில் ஓடாது. லினக்ஸில் அதை ஓட்டும் டிரைவர் கூடவே வருகிறது, பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. முதல் பதிப்பு ஆர்சிஎக்ஸில் வெளி மின்சாரம் கொடுக்கத் துளை உண்டு. 2.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் முதல் பதிப்பை எடுங்கள்.

என்எக்ஸ்டியைப் பொறுத்தவரை கொஞ்சம் யோசிப்பேன். திரை மங்கிப்போவது அதில் அடிக்கடி வரும் நோய். ஆனால் அதன் மோட்டார்களை ஈவி3யிலும் செருகி ஓட்டலாம். மலிவாகக் கிடைத்தால் உதிரிக்காக வாங்கலாம். ரோபாட் இன்வென்டரின் செருகி முற்றிலும் வேறு, அதன் மோட்டார் ஈவி3யில் ஏறாது.

இன்னொன்று, நிறம். 2004ஐ ஒட்டி லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றிவிட்டது. பழைய சாம்பல் கொஞ்சம் மஞ்சள் கலந்தது, புதியது நீலம் கலந்தது. ஆர்சிஎக்ஸ் செட்டில் நீலச் சாயலுள்ள பீஸ் இருந்தால் யாரோ பின்னால் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓட்டுவதற்கு அது பிரச்சினை இல்லை, முழு செட் என்று சொல்லி அதற்கான விலை கேட்டால் அப்போது பேசுங்கள்.

பாதுகாப்பதில் நம் ஊருக்கு மூன்று எதிரிகள். வெயில், ஈரம், பூச்சி. வெயில் படும் அலமாரியில் வெள்ளைக் கட்டையும் சாம்பல் கட்டையும் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து வெயிலில் வைத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பும், ஆனால் மறுபடியும் மஞ்சளாவதைத் தடுக்காது. மழைக்காலத்தில் கையேட்டை வெள்ளிப்பூச்சி தின்னும், பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள். கழுவுவதென்றால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத சோப்புத் தண்ணீரில் கையால், மோட்டாரையும் சென்சாரையும் எடுத்துவைத்துவிட்டு. வாஷிங் மெஷினில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் பேசுவதில்லை. ஓட்டாமல் வைக்கும் ஹப்பிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பிரித்து அடுக்கும்போது நிறவாரியாக வேண்டாம், வடிவவாரியாக வையுங்கள். கறுப்புக் குவியலில் கறுப்புப் பின்னைத் தேடுவது மாலை முழுவதையும் தின்றுவிடும்.

ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டை வாங்கினால் இதில் கால்வாசி விலைக்கு ரோபோ செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். சரிதான். சென்னை ரிச்சி தெருவில் ஆர்டுயினோ போர்டு, இரண்டு சின்ன மஞ்சள் மோட்டார், மோட்டார் டிரைவர், அல்ட்ராசோனிக் சென்சார் எல்லாம் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். மின்சாரம் எப்படி ஓடுகிறது, எந்த வயர் எதற்கு என்பதெல்லாம் அதில்தான் புரியும். லெகோ அதை மறைத்துவிடுகிறது. ஆனால் அந்த வண்டியின் தட்டு ஒரே வடிவம்தான், வண்டியாக மட்டும்தான் இருக்கும். லெகோவில் காலையில் வண்டி, மதியம் கிரேன், மாலையில் படம் வரையும் கை. தப்பாகக் கட்டினால் பிரித்து மறுபடியும் கட்டலாம், ஒட்டோ சால்டரோ இல்லை. பதினொரு வயதில் இந்தச் சுதந்திரம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். பதின்மூன்று, பதினான்கில் ஆர்டுயினோ வரட்டும், அப்போது ஈவி3யின் பீம்களே அதற்கு நல்ல உடம்பாக இருக்கும்.

செட் வந்ததும் கையேட்டில் உள்ள பெரிய மாடலிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், பின்னால் உருளும் ஒரு சின்ன தாங்கி, முன்னால் கீழே பார்த்தபடி வண்ண சென்சார். வெள்ளைச் சார்ட் பேப்பரில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு வளைவான கோடு. கோட்டின் ஓரத்தைப் பார்த்துப்போகும் புரோகிராமை அவளே எழுதட்டும். முதலில் கறுப்பு என்றால் இடது, வெள்ளை என்றால் வலது என்று எழுதுவாள், வண்டி தள்ளாடித் தள்ளாடிப் போகும். சென்சார் தருவது கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு பதிலோடு நிற்பதில்லை, 0 முதல் 100 வரை ஒளியின் அளவையும் தருகிறது என்பதை அப்போது மட்டும் காட்டுங்கள். எவ்வளவு விலகியதோ அவ்வளவு திருப்பினால் போதுமே என்று அவளுக்கே தோன்ற ஒரு வாரமாவது ஆகலாம். அவசரப்படுத்தாதீர்கள். சென்சார் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், ஜன்னல் வெளிச்சம் நேரே விழாத இடமாகப் பாருங்கள்.